கொடி ஏறிய மறுநாள்

(காஹாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டிப் பாலெடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிராணிமாரும் வந்திருக்கிறார்கள். உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"சுதந்திரமும் தொழிலாளியும்" என்று பேசச் சொன்னார்கள். இதைப் பேச இரண்டு நாடுகளின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். ஒன்று நம் மலாயா. மற்றொன்று அயர்லாந்து. குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில் இருக்கிற காஹாங்குக்கும், எங்கோ குளிர்க்கடலில் கிடக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டும் ஆங்கிலேயன் ஆண்ட நாடுகள். இரண்டிலும் ஒருநாள் அவன் கொடி இறங்கியது. சொந்தக் கொடி ஏறியது. கொடி ஏறிய மறுநாள் காலையில் உழைப்பாளியின் கையில் என்ன இருந்தது? இந்த ஒரு கேள்வியைத்தான் நான் இரண்டு நாட்டிலும் கேட்கப் போகிறேன்.

முதலில் அயர்லாந்து. அது குடியானவர் நாடு. நிலம் ஜமீன்தாருக்குச் சொந்தம். உழுதவனுக்குக் குத்தகைதான் சொந்தம். 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைக்கு அதுவே சோறு. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே காலத்தில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் மாடும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. விளைந்தது பட்டினி கிடந்தவனுக்கு உரியதாக இல்லை. ஏனென்றால் நிலம் அவனுடையதாக இல்லை.

அந்தப் பஞ்ச காலத்தில் பிறந்தவர் மைக்கேல் டேவிட். நாலு வயதில் அவர் குடும்பத்தைக் குடிசையை விட்டு வெளியே தள்ளினார்கள். பிழைக்க இங்கிலாந்து போனார்கள். பதினொரு வயதில், பஞ்சாலை இயந்திரத்தில் சிக்கி வலது கையை இழந்தார். அந்த ஒற்றைக் கை மனிதர்தான் 1879இல் நிலச் சங்கத்தை ஏற்படுத்தினார்.

1880இல் மேயோ மாவட்டத்தில் ஒரு ஜமீனுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் பாய்காட் என்பவர். குத்தகையைக் குறைக்க மறுத்து, குடியானவர்களை வெளியேற்ற முனைந்தார். ஊரார் ஆயுதம் எடுக்கவில்லை. அவர் வயலில் எவரும் இறங்கவில்லை. கடைக்காரர் சாமான் விற்கவில்லை. துணி வெளுப்பவர் துணி வாங்கவில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். அவர்களைக் காக்கப் பட்டாளம் வந்தது. விளைச்சலின் விலையைப்போல் பல மடங்கு காவலுக்கே செலவாயிற்று. அந்த மனிதர் ஊரை விட்டே போய்விட்டார். "பாய்காட்" என்று நாம் இன்று சொல்கிறோமே, அந்தச் சொல் அவர் பெயர்தான். குடியானவர்களின் ஒற்றுமை உலகத்து மொழிகளுக்கெல்லாம் ஒரு சொல்லைக் கொடுத்தது!

இந்தப் போராட்டத்தின் பலன் என்ன? ஆங்கில அரசாங்கமே சட்டங்கள் செய்து, ஜமீன்தாருக்கு விலை கொடுத்து, நிலத்தைக் குடியானவனுக்கு மாற்றத் தொடங்கியது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் பெரியது. குடியானவன் அந்த விலையை ஆண்டுத் தவணையாகக் கட்டிவந்தான். தேசக்கொடி ஏறுவதற்கு முன்பே குடியானவரில் பெரும்பாலோர் நிலத்துக்கு உடையவராகிவிட்டனர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நிலமே இல்லாத கூலிக்காரன்? பட்டணத்துத் தொழிலாளி? 1913இல் டப்ளின் நகரில் ஜேம்ஸ் லார்க்கின் தலைமையில் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தார்கள். சங்கத்தை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள் முதலாளிமார். ஏறக்குறைய 20,000 பேர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பல மாதம் பட்டினி கிடந்து, 1914ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தோற்றுத் திரும்பினார்கள். அந்தப் போராட்டத்தின் மற்றொரு தலைவர் ஜேம்ஸ் கானலி. வெறும் கொடியை மாற்றிவிட்டு நிலமும் ஆலையும் பழைய கையிலேயே இருந்தால், ஆங்கிலேயன் போன பிறகும் அவன் பணம் உங்களை ஆளும் என்று அவர் 1897லேயே எழுதி எச்சரித்தார். 1916இல் டப்ளினில் நடந்த எழுச்சியில் அவரும் முன்னின்றார். காயம்பட்டு எழுந்து நிற்க இயலாத அவரை, நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்நாளில் டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் ஒருவர், அந்தத் தொழிலாளர் இயக்கத்தின் வேகத்தைக் கண்ணால் கண்டவர், 1916இல் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இந்தியா திரும்பி ரயில்வே தொழிலாளர் சங்கங்களில் உழைத்தார். அவர்தான் பிற்காலத்தில் இந்தியக் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி.

நிற்க. 1918 தேர்தலில் தேசத்தின் கேள்வி முன்னே தீரட்டும் என்று தொழிற்கட்சி போட்டியிடாமல் ஒதுங்கி நின்றது. 1919இல் கூடிய அயர்லாந்துச் சட்டசபை, எந்தக் குழந்தையும் பசியால் வாடக்கூடாது, அதைப் பார்ப்பதே அரசாங்கத்தின் முதல் கடமை என்று அறிக்கை செய்தது. நல்ல வாக்குறுதி! பிறகு இரண்டரை ஆண்டுப் போர். 1921 டிசம்பரில் உடன்படிக்கை. நாடு இரண்டாகப் பிரிந்தது. 32 மாவட்டங்களில் 26தான் சுதந்திரத்துக்குள் வந்தன. அந்த உடன்படிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று, நேற்று வரை ஒரே பதுங்குகுழியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1922இல் மைக்கேல் காலின்ஸ் சொந்த நாட்டார் குண்டுக்கே பலியானார்.

அந்த 1922 செப்டம்பரிலேயே புதிய அரசாங்கம் தபால் ஊழியர்களின் சம்பளப் படியைக் குறைத்தது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்றது. 1924இல் முதியோருக்குக் கொடுத்த வாரம் 10 ஷில்லிங் உதவித் தொகையில் ஒரு ஷில்லிங்கை வெட்டியது. வெட்டியவன் ஆங்கிலேயன் அல்ல, சொந்த மந்திரி!

கப்பலும் நிற்கவில்லை. 1841இல் 65 லட்சம் பேர் வாழ்ந்த அதே 26 மாவட்டங்களில், 1961இல் 28 லட்சம் பேர்தான் மிஞ்சினார்கள். கொடி ஏறி 39 ஆண்டுக்குப் பிறகும், ஏழைப் பிள்ளை லண்டனுக்குப் போய் மண் வெட்டித்தான் வீட்டுக்குப் பணம் அனுப்பினான். வடக்கே பிரிந்துபோன 6 மாவட்டங்களின் சண்டையில் 3,500 பேருக்கு மேல் மாண்ட பிறகு, 1998இல்தான் சமாதான ஒப்பந்தம் வந்தது.

நான் அயர்லாந்தின் சுதந்திரத்தைக் குறை சொல்ல வரவில்லை. அடிமையாக இருப்பதைவிடச் சுதந்திரம் ஆயிரம் மடங்கு மேல். நிலத்தை முன்கூட்டியே பெற்றவன் கொடி ஏறியபோது தலைநிமிர்ந்து நின்றான். அப்புறம் பார்ப்போம் என்று காத்திருந்தவன், மேலும் ஒரு தலைமுறை காத்திருந்தான். இதுதான் அங்கே நடந்த கணக்கு.

இனி நம் கதைக்கு வருவோம்.

நம் பாட்டன் பாட்டிமார் இந்நாட்டு விடுதலையை வேடிக்கை பார்த்தவர்கள் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தூண்டுதலில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும், நோயாளிக்கு நல்ல வைத்தியமும் கேட்டார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையை எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு காசுகூட இல்லை, மானம் இருக்கிறது! வெள்ளையர் அரசாங்கம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, பட்டாளத்தை இறக்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

அதன் பின் ஜப்பானியர் காலம். சயாம் ரயில் பாதைக்குப் போன நம்மவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். 1936இலேயே டப்ளின் போய் அயர்லாந்துத் தலைவர் டிவலேராவைச் சந்தித்தவர் அவர். அவர் அழைப்பைக் கேட்டு, பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி தூக்கின. தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அங்கே அணிவகுத்து நின்றவன், யுத்தம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது கைகட்டி நிற்கும் பழைய வழக்கத்துக்குத் திரும்பவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொழிற்சங்கங்கள் எழுந்ததில் அந்த அணிவகுப்புக்கும் பங்கு உண்டு.

1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவை இழந்தது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் சென்ற அரசியல் வழியை ஒப்பாதவர்களும் உண்டு. ஆயினும் தொழிலாளிக்காகப் பேசிய இரண்டு தமிழர்களை அந்த இரண்டு நாட்களில் இழந்தோம் என்பதை மறக்கலாகாது. 1954இல் சிதறிக்கிடந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக இருந்து வழிநடத்தினார்.

1957 ஆகஸ்டு 31. கொடி ஏறியது. மறுநாள் காலை நம் கையில் என்ன இருந்தது?

முதலாவது, பத்திரம். சுதந்திர நாளிலிருந்து இம்மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன் என்றது அன்றைய சட்டம். அதற்கு முன் பிறந்து, இன்னும் பிரஜையாகாதவர் மனுச் செய்து பதிந்துகொள்ள வேண்டும். இங்கே பிறந்தவர் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழிச் சோதனைகூட இல்லை. கதவு திறந்திருந்தது! பதிந்தவர்கள் பலர். பதியாதவர்களும் பலர். ஏன்? பிறப்புச் சான்றிதழ் இல்லை. மனுவை எழுதித் தர ஆள் இல்லை. பட்டணத்துக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். "நாற்பது வருஷமாய் இங்கேதானே மரம் வெட்டுகிறேன், என்னை யார் கேட்பார்கள்?" என்ற நம்பிக்கை வேறு. ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் சாப்பிடும் குடும்பத்தில், மகன் குடிமகன், தகப்பன் அந்நியன்!

கேட்கும் நாளும் வந்தது. 1969இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. குடிமகன் அல்லாதவன் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். காடழித்து ரப்பர் நட்டவனிடம், தான் நட்ட மரத்தைத் தானே வெட்டப் பெர்மிட் கேட்டார்கள். சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். அயர்லாந்துக்காரனைக் கப்பலில் ஏற்றியது நிலமில்லாமை. நம்மவனை ஏற்றியது ஒரு துண்டுக் காகிதம் இல்லாமை.

இலங்கை மலையகத்து நம் சகோதரர்கள் நிலை இதனினும் கொடியது. 1948 பிப்ரவரியில் அங்கே கொடி ஏறியது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரி, சிறிமாவோ என்ற இரண்டு பிரதமர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? மிஞ்சியிருந்தவர்களின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இரண்டாவது, நிலம். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கிய வியாபாரிகள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். மரம் மட்டுமா துண்டானது? தோட்டம் துண்டானால் வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடு போயிற்று. வீடு போனால் பள்ளிக்கூடமும் கோயிலும் போயின. பேராசிரியர் உங்கு அஜீஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டார்.

அந்த இருட்டில் ஒரு விளக்கும் ஏற்றப்பட்டது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கொடுங்கள், விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். அந்நாளில் பால்வெட்டுக்காரனுக்கு 10 வெள்ளி சிறு தொகையன்று. இருந்தும் கொடுத்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அதன் பின்னும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. அயர்லாந்துக் குடியானவன் தவணை கட்டி நிலம் பெற்றான் அல்லவா? நம்மவன் பத்துப் பத்து வெள்ளியாய்க் கட்டினான். ஆனால் ஒரு வித்தியாசம். அவனுக்கு அரசாங்கமே கடன் கொடுத்து, நாடு முழுவதும் நிலத்தை மாற்றியது. நமக்கு நம் சட்டைப்பையே அரசாங்கம். ஆகவே வாங்கிய தோட்டங்களைவிடக் கைநழுவிய தோட்டங்களே அதிகம்.

1956இல் பெல்டா நிலத் திட்டம் தொடங்கியது. நிலமற்றவர் நிலம் பெற்றார்கள். காஹாங் பெயரிலேயே அத்திட்டங்கள் இருக்கின்றன. பெற்றவர் பெரும்பாலும் மலாய்க் கிராமத்து ஏழைகள். ஏழை எவன் நிலம் பெற்றாலும் நமக்கு மகிழ்ச்சியே. அதில் பொறாமை வேண்டாம். தோட்டத்து ஏழையும் நிலமற்றவன்தானே, அவன் மட்டும் ஏன் விரலிட்டு எண்ணும்படி இருந்தான் என்று கேட்பது பொறாமையல்ல, நியாயம்.

தோழர்களே! பழைய கதை பேசி அழுதுவிட்டுப் போக நாம் கூடவில்லை. இன்றைய நிலை என்ன? ரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. தோட்டத்தில் முப்பது நாற்பது வருஷம் உழைத்தவர், வேலை ஓய்ந்ததும் கம்பெனி வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது என்று தவிக்கிறார். சிவப்பு அடையாள அட்டையோடு கண்மூடும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திருமணப் பதிவு இல்லாததால், பிறப்புப் பத்திரம் சரியில்லாததால், பள்ளியில் திண்டாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1957இல் திறந்திருந்த கதவு இன்று அப்படித் திறந்திருக்கவில்லை. ஆயினும் அடைத்தும் விடவில்லை.

இந்த வேலையில் முதலில் இறங்க வேண்டியவர்கள் கிராணிமார் நண்பர்களே, நீங்கள்தான். அன்று மனு எழுத ஆளில்லாமல்தான் பலர் நாடிழந்தார்கள். உங்கள் கையில் பேனா இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, லயம் லயமாகப் போய் எவரிடம் எந்தப் பத்திரம் இல்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் சங்கக் கிளை எடுத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போகட்டும். ஒருவன் தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். சங்கமாகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.

பால்வெட்டும் தோழர்களே, நீங்கள் வீட்டு மனையைப் பற்றி வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு கேட்பவன் குரல் சன்னமாகிவிடும். சம்பளப் பேச்சு நடக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டின் பேச்சும் மேசைமேல் இருக்க வேண்டும் என்று சங்கத்தை நெருக்குங்கள். முன்னே இது தீரட்டும், அப்புறம் அதைப் பார்ப்போம் என்று ஒதுங்கிய அயர்லாந்துத் தொழிலாளி என்ன ஆனான் என்று இப்போதுதான் கேட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. இன்று நம் பக்கத்து நிரையில் வங்காளதேசத்தானும், இந்தோனேசியனும், நேப்பாளியும் வேலை செய்கிறார்கள். அவர்கள் வந்துதான் நம் கூலி கெட்டது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். 1941இல் சீனனுக்கு ஒரு கூலி, தமிழனுக்கு ஒரு கூலி என்று பிரித்து வைத்தவன் யார்? அந்தச் சூழ்ச்சிதான் இன்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்வரை எவன் கூலியும் ஏறாது. அவர் சங்கத்தில் சேருவதைச் சட்டம் தடுக்கவில்லை. நம் மனம் தடுக்கலாமா? அன்று பெர்மிட்டைக் கையில் பிடித்து நின்றவன் நம் பாட்டன். இன்று பெர்மிட்டைப் பிடித்து நிற்கிறவனை நாம் அந்நியன் என்று தள்ளினால், பாட்டன் பட்ட பாட்டுக்குப் பொருளில்லை.

கொடி நம்முடையது, அதில் ஐயமில்லை. அதை ஏற்றியதில் நம் இரத்தமும் வியர்வையும் உண்டு. கொடிக்குக் கீழே நிற்கக் காலடி மண்ணும், கையில் ஒரு பத்திரமும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இருக்கவேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்துப் பட்டியலோடு வாருங்கள்.

 தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!